பரவற்படியைக் கணிக்கக் குறைந்தது எத்தனை மாதிரி வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சராசரியைக் கணிக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டும், எத்தனை பொருளை அளக்க வேண்டும் என்பதற்கு எல்லாப் புள்ளியியல் புத்தகத்திலும் பதில் இருக்கிறது. மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் பரவற்படிக்கு, அதாவது வேரியன்ஸுக்கு, அதே கேள்வியைக் கேட்டால் பக்கங்கள் சட்டென்று மெலிந்துவிடும். ஆனால் ஒரு கருவி எவ்வளவு துல்லியமானது, ஒரு இயந்திரம் எவ்வளவு சீராக நிரப்புகிறது, அடுத்த ஆய்வை எவ்வளவு பெரிதாகத் திட்டமிட வேண்டும் என்றெல்லாம் கேட்கும்போது நமக்கு வேண்டியது பரவற்படிதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை?

தரவு இயல்நிலைப் பரவலில், அதாவது மணி வடிவ நார்மல் பரவலில், இருக்கிறது, 95 சதவீத நம்பிக்கை (நூறில் 95 தடவை சரியாக வருவது) போதும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியிலிருந்து வரும் பரவற்படி, உண்மையான பரவற்படியிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமானால் 806 அளவீடுகள் தேவை. 20 சதவீதம் வரை விலகலாம் என்றால் 211. 5 சதவீதத்துக்குள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 3,149. 50 சதவீதம் தப்பினாலும் பரவாயில்லை என்றால்கூட 38 வேண்டும்.

பலருக்கு உண்மையில் வேண்டியது பரவற்படி இல்லை, அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம். அதற்குத் தேவை சுமார் கால் பங்குதான். 5 சதவீதத்துக்கு 768, 10 சதவீதத்துக்கு 192, 20 சதவீதத்துக்கு 48. ஆகவே முதலில் இரண்டில் எது வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். "10 சதவீதத் துல்லியம்" என்று மட்டும் எழுதிவிட்டு எதனுடைய துல்லியம் என்று சொல்லாமல் விட்ட திட்ட அறிக்கைகள் ஏராளம்.

இந்த எண்கள் எல்லாம் இயல்நிலை என்ற ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன. அது உடைந்தால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள்.

30 இருந்தால் போதும் என்று படித்தேனே?

அது சராசரிக்குச் சொன்ன பேச்சு. 30 அளவீடுகள் இருந்தால் சராசரியின் பரவல் ஓரளவு இயல்நிலைக்கு வந்துவிடும் என்ற கைக்கணக்கு அது. அங்கேயே அது எல்லா இடத்திலும் செல்லாது. பரவற்படிக்கு அதைக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

30 அளவீடுகளில் கணக்கிட்ட பரவற்படியை 1 என்று வைத்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பைப் பிடிக்க நாம் தரும் எல்லை, 0.63 முதல் 1.81 வரை போகும். மேல் எல்லை கீழ் எல்லையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 10 அளவீடுகள் என்றால் 0.47 முதல் 3.33 வரை, அதாவது ஏழு மடங்கு. 100 எடுத்தால் 0.77 முதல் 1.35 வரை. நூறு அளவீடு எடுத்த பிறகும் மேல் பக்கம் 35 சதவீதம் திறந்தே கிடக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

அப்படியானால் கணக்கிடுவதற்கே குறைந்தபட்சம் எத்தனை?

இரண்டு. இரண்டு அளவீடு இருந்தால் சூத்திரம் ஒரு எண்ணைத் தந்துவிடும். ஆனால் அதன் 95 சதவீத இடைவெளி, கிடைத்த எண்ணின் ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி அதைப் போல 1,018 மடங்கு வரை நீளும். கணக்கிட முடிவது வேறு, கணிப்பது வேறு.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

இயல்நிலைத் தரவில், (மாதிரி அளவு − 1) × மாதிரிப் பரவற்படி ÷ உண்மைப் பரவற்படி என்ற விகிதம் கை-வர்க்கப் பரவலை, அதாவது கை-ஸ்கொயர் பரவலை, பின்பற்றும். இதை 1870களில் ஜெர்மானியப் புவியளவியலாளர் ஹெல்மெர்ட் காட்டிவிட்டார். கார்ல் பியர்சன் 1900இல் தன் கை-வர்க்கச் சோதனையை வெளியிடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே. அந்த 'மாதிரி அளவு − 1'ஐத்தான் வகுப்பில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்று சொல்வார்கள்.

அதிலிருந்து கையால் போடக்கூடிய ஒரு எளிய சூத்திரம் கிடைக்கிறது. மாதிரிப் பரவற்படியின் திட்டப் பிழையை, அதாவது மாதிரிக்கு மாதிரி அது ஆடும் அளவை, உண்மைப் பரவற்படியால் வகுத்தால் வருவது √(2 ÷ (மாதிரி அளவு − 1)). இதைத் திருப்பிப் போட்டால்:

மாதிரி அளவு ≈ 1 + 2 × (1.96 ÷ அனுமதிக்கும் விகிதப் பிழை)²

1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கு உரிய எண். அனுமதிக்கும் பிழை 0.10 என்றால் அதை 0.10ஆல் வகுக்க 19.6. வர்க்கம் 384.16. இரட்டித்து ஒன்று கூட்டினால் 769.3, முழு எண்ணாக 770. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். இதில் சலுகை எதுவும் கிடையாது.

நீங்கள் மேலே 806 என்றீர்கள், சூத்திரம் 770 தருகிறது. இன்னொரு மென்பொருள் 888 என்கிறது. எது சரி?

மூன்றும் சரி. மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள், அவ்வளவுதான்.

770 என்பது மாதிரிப் பரவற்படியின் பரவலே சமச்சீரான இயல்நிலை என்று எடுத்துக்கொண்ட தோராயம். உண்மையில் கை-வர்க்கப் பரவல் வலப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வை மதித்து, மேல் பக்கம் 10 சதவீதத்தைத் தாண்டும் வாய்ப்பும் கீழ் பக்கம் தாண்டும் வாய்ப்பும் தனித்தனியே 2.5 சதவீதத்தை மீறக் கூடாது என்று கேட்டால் 806. மாறாக, நான் வெளியிடப்போகும் நம்பிக்கை இடைவெளியின் மேல் எல்லை, நான் கணக்கிட்ட பரவற்படியைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கேட்டால் 888 பக்கம் வந்து நிற்கும்.

முதல் இரண்டும் உண்மை மதிப்பைச் சுற்றிப் பேசுகின்றன, மூன்றாவது கிடைத்த மதிப்பைச் சுற்றி. அறிக்கையில் எழுதப்போவது நம்பிக்கை இடைவெளி என்பதால் என் விருப்பம் மூன்றாவது. ஆனால் இதற்காக யாருடனும் சண்டை போட மாட்டேன். 770க்கும் 888க்கும் உள்ள இடைவெளி, அடுத்து வரப்போகும் சிக்கலின் முன்னால் ஒன்றுமே இல்லை.

மாதிரி அளவைக் கண்டுபிடிக்கப் பரவற்படியே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டாமா?

இது நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் ஆச்சரியமானது. சராசரிக்கு மாதிரி அளவு போடும்போது திட்ட விலக்கத்தை முன்பே ஊகிக்க வேண்டும். பரவற்படியைச் சதவீதக் கணக்கில் கேட்டால் அது தேவையில்லை. மேலே உள்ள சூத்திரத்தில் உண்மைப் பரவற்படி எங்குமே வரவில்லை பாருங்கள். பிழையை அளவீட்டு அலகிலேயே, "4 அலகுக்குள் வேண்டும்" என்பதுபோல் கேட்டால்தான் ஊகம் வேண்டும்.

அதற்காக இலவசமாக ஏதோ கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சராசரிக்கு அடுத்த படியான பரவற்படி தெரிய வேண்டியிருந்தது. பரவற்படிக்கு அதற்கும் மேலே நான்காம் படி, அதாவது விலகல்களின் நான்காம் அடுக்குகளின் சராசரி, தெரிய வேண்டும். இயல்நிலை என்று சொன்ன கணத்தில் அந்த நான்காம் படியை நாமே தெரிந்ததாக அறிவித்துவிட்டோம்.

என் தரவு இயல்நிலை இல்லை. அப்போது?

இங்கேதான் கதை மாறுகிறது. பரவலின் வால் எவ்வளவு கனமானது என்பதைக் கர்டோசிஸ், அதாவது தட்டை அளவை, சொல்கிறது. இயல்நிலைக்கு அது 3. பொதுச் சூத்திரம் இது:

மாதிரி அளவு ≈ (கர்டோசிஸ் − 1) × (1.96 ÷ அனுமதிக்கும் விகிதப் பிழை)²

கர்டோசிஸ் 3 என்று போட்டால் பழைய '2 மடங்கு' திரும்ப வருகிறது. இப்போது அதே 10 சதவீதத்துக்கு மற்றவற்றைப் போடுவோம். எல்லா மதிப்பும் சம வாய்ப்புள்ள சீரான பரவலுக்குக் கர்டோசிஸ் 1.8, தேவை சுமார் 308 மட்டுமே. இருபக்க அடுக்குக்குறிப் பரவலான லாப்லாஸுக்கு 6, தேவை 1,921. காத்திருப்பு நேரங்களில் வரும் அடுக்குக்குறிப் பரவலுக்கு 9, தேவை 3,074. மடக்கை எடுத்தால் இயல்நிலையாகும் லாக்-நார்மல் பரவலில், மடக்கையின் திட்ட விலக்கம் 1 ஆக இருந்தால், கர்டோசிஸ் ஏறக்குறைய 114. தேவை 43,000க்கு மேல். அதுவும் இந்தத் தோராயமே அங்கே தள்ளாடும் என்பதால் அதைக் குறைந்தபட்ச எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இயல்நிலையைவிட வால் கனமான டி-பரவலில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4 அல்லது அதற்குக் கீழே போனால் கர்டோசிஸுக்கு எல்லைக்குட்பட்ட மதிப்பே கிடையாது. சூத்திரம் பதிலே தராது.

308க்கும் 43,000க்கும் நடுவில் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல், 770ஆ 806ஆ என்று விவாதிப்பதில் பொருளில்லை.

மாதிரி பெரிதானால் எல்லாம் இயல்நிலைக்கு வந்துவிடாதா? மைய எல்லைத் தேற்றம் இருக்கிறதே?

மாதிரி பெரிதாகப் பெரிதாக அதன் சராசரியின் பரவல் இயல்நிலையை நெருங்கும் என்பதுதான் அந்தத் தேற்றம். சராசரிக்கு அது கைகொடுக்கும். பரவற்படியின் கை-வர்க்க இடைவெளிக்குக் கைகொடுக்காது. மாதிரி பெரிதாகும்போது மாதிரிப் பரவற்படியின் பரவல் இயல்நிலையை நெருங்குவது உண்மைதான். ஆனால் எவ்வளவு அகலமான இயல்நிலை என்பதைக் கர்டோசிஸ்தான் தீர்மானிக்கிறது. கை-வர்க்கச் சூத்திரமோ அது 3 என்று எப்போதும் அடம்பிடிக்கும்.

அடுக்குக்குறிப் பரவலை எடுங்கள். கர்டோசிஸ் 9 என்பதால் உண்மையான திட்டப் பிழை, சூத்திரம் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. விளைவு: "95 சதவீத" இடைவெளி என்று நீங்கள் எழுதுவது, மாதிரி பெரிதாகப் பெரிதாக, சுமார் 67 சதவீத நேரம்தான் உண்மை மதிப்பைப் பிடிக்கும். பத்தாயிரம் எடுத்தாலும் அதே 67. இடைவெளி குறுகும், பொய் மட்டும் குறையாது.

புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் 1953இல் பரவற்படிச் சோதனைகள் இயல்நிலையின்மைக்கு எவ்வளவு எளிதில் ஏமாறுகின்றன என்று எழுதிய பிறகும், அந்தச் சோதனைகள் மென்பொருள் மெனுவில் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, கர்டோசிஸை மாதிரியிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாமே?

கணக்கிடலாம், நம்பத்தான் முடியாது. ஒரு மாதிரியில் கர்டோசிஸ் எவ்வளவு பெரிதாக வரலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. ஒரே ஒரு மதிப்பு தனியே விலகி, மற்ற எல்லாம் ஒரே மதிப்பாக இருக்கும்போது அந்த உச்சம் வரும். அது மாதிரி அளவிலிருந்து 2ஐக் கழித்ததைவிடச் சற்றே அதிகம். 20 அளவீடு எடுத்தால் மாதிரிக் கர்டோசிஸ் 18.05ஐத் தாண்டவே முடியாது, உண்மைப் பரவல் எதுவாக இருந்தாலும். மேலே சொன்ன லாக்-நார்மலின் 114ஐக் காட்டுவதற்கே 116 அளவீடாவது வேண்டும், அதுவும் அந்த விசித்திர அமைப்பு அமைந்தால் மட்டும். ஆக, சின்ன முன்னோட்டத் தரவில் கர்டோசிஸ் அடக்கமாகத் தெரிந்தால் அது தரவின் நற்குணம் இல்லை, மாதிரியின் இயலாமை.

நடைமுறையில் இதே அளவீட்டின் பழைய தரவு இருந்தால் அதைத் தேடி எடுங்கள், அது முன்னோட்ட ஆய்வைவிட மதிப்புள்ளது. மதிப்புகள் எல்லாம் நேர் எண்கள், வலப்பக்கம் நீளும் வால் என்றால் மடக்கை எடுத்துப் பாருங்கள். மடக்கை அளவில் இயல்நிலை போலத் தெரிந்தால் பரவற்படியையும் அங்கேயே கணிப்பது நல்லது. அதுவும் ஒத்துவரவில்லை என்றால், உங்களுக்குப் பரவற்படிதான் வேண்டுமா என்று யோசியுங்கள். பரவலின் நடுப்பகுதி எவ்வளவு அகலம் என்பது போதுமானால் கால்மான இடைவெளி இருக்கிறது. அதை ஒரு கனத்த வால் இவ்வளவு ஆட்டிப்படைக்காது.

பூட்ஸ்ட்ராப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பூட்ஸ்ட்ராப் என்பது கையிலுள்ள மாதிரியிலிருந்தே திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்துக் கணக்கிடுவது. பிராட்லி எஃப்ரன் 1979இல் அறிமுகப்படுத்திய இந்த முறை இயல்நிலை அனுமானத்தைக் கேட்காது, அது பெரிய வசதி. பெரிய மாதிரியில் கை-வர்க்க இடைவெளியைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் மாதிரியில் விழாத வாலை அது உருவாக்கித் தராது. 20 அளவீட்டில் பூட்ஸ்ட்ராப் செய்தால் இடைவெளி பெரும்பாலும் குறுகலாக, அதீத நம்பிக்கையோடு வரும்.

சில இடங்களில் விதியைவிடக் குறைவாக எடுத்தே சமாளிக்கிறார்களே, எப்படி?

அவர்களுக்கு இரண்டு பக்க எல்லையும் வேண்டாம் என்பதால். பெரிய ஆய்வுக்கு முன் ஒரு முன்னோட்டம் நடத்தித் திட்ட விலக்கத்தைத் தெரிந்துகொள்வது இதற்குப் பொருத்தமான உதாரணம். அங்கே பயம் ஒன்றுதான்: உண்மைப் பரவற்படி நாம் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்து, பெரிய ஆய்வு போதாமல் போய்விடக் கூடாது. அதனால் கிடைத்த பரவற்படியை அப்படியே எடுக்காமல், அதன் 80 சதவீத ஒருபக்க மேல் எல்லையை எடுத்துக்கொள்கிறார்கள். 30 பேர் முன்னோட்டத்தில் அந்தப் பெருக்கு எண் 1.29. பெரிய ஆய்வை அந்த விகிதத்தில் 29 சதவீதம் கூட்டிக்கொண்டால் ஐந்தில் நான்கு தடவை தப்பிக்கலாம்.

சோதனை மட்டும் போதும் என்றாலும் தேவை குறையும். பரவற்படி இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்காகிவிட்டதா என்று ஒருபக்கச் சோதனையில், 5 சதவீத முக்கியத்துவ மட்டத்தில் (தவறான எச்சரிக்கைக்கான வாய்ப்பு), 90 சதவீத ஆற்றலோடு (உண்மையான மாற்றத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) கண்டுபிடிக்க 37 அளவீடு போதும். இரண்டு மடங்கைக் கண்டுபிடிப்பது எளிது. எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வதுதான் செலவு.

ஒரே பொருளிலிருந்து 200 தடவை அளக்க முடியாது. இரண்டிரண்டாக அளந்தால்?

தாராளமாக. பல குழுக்களில் உள்பரவற்படி ஒன்றே என்று நம்ப இடமிருந்தால், ஒவ்வொரு குழுவின் 'அளவு − 1'ஐயும் கூட்டிக்கொள்ளலாம். 20 சதவீதத் துல்லியத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை 211 − 1, அதாவது 210 வேண்டும். ஜோடி ஜோடியாக எடுத்தால் ஜோடிக்கு ஒன்று, ஆக 210 ஜோடி, 420 அளவீடு. மும்மூன்றாக எடுத்தால் 105 குழு, 315 அளவீடு. ஐந்தைந்தாக என்றால் 53 குழு, 265 அளவீடு. ஆய்வகங்களில் அன்றாடம் எடுக்கும் இரட்டை அளவீடுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்துவைத்தால் தனியாக ஒரு சோதனையே நடத்த வேண்டியிருக்காது. ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்தி, பாதியாக்கி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுங்கள், அதுதான் பரவற்படி.

சென்சார் ஒரு நொடிக்கு ஒன்று என்று தரவு தருகிறது. ஒரு மணி நேரத்தில் 3,600. போதாதா?

அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று பின்பற்றினால் போதாமல் போகலாம். அடுத்தடுத்த மதிப்புகளின் ஒட்டுறவு 0.5 ஆகவும், அது படிப்படியாகப் பெருக்கல் விகிதத்தில் தேய்வதாகவும் வைத்தால், பரவற்படிக்குத் தேவையான அளவீடு 1.67 மடங்காகும், 806 என்பது சுமார் 1,340 ஆகும். ஒட்டுறவு 0.9 என்றால் ஒன்பதரை மடங்கு, அதாவது 7,700 பக்கம். சராசரிக்கு இதே நிலையில் 3 மடங்கும் 19 மடங்கும் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் பரவற்படி சராசரியைவிட இரக்கமுள்ளது.

முழுமைத்தொகுதியே சிறியது, மொத்தம் 1,000 தான். அப்போதும் 806ஆ?

இல்லை. 806ஐ (1 + 806 ÷ 1,000)ஆல் வகுங்கள், தோராயமாக 446.

உண்மைச் சராசரி ஏற்கெனவே தெரியும். எவ்வளவு மிச்சம்?

ஒரே ஒரு அளவீடு.

அளவீட்டுக் கருவியின் பிழையும் இதில் சேர்ந்துவிடுமா?

சேரும். அதை எந்த மாதிரி அளவும் தீர்க்காது. கருவியின் திட்ட விலக்கம், பொருள்களின் திட்ட விலக்கத்தில் பாதி என்றால், நீங்கள் காணும் பரவற்படி உண்மையைவிட 25 சதவீதம் அதிகமாக இருக்கும். 3,149 அளவீடு எடுத்து 5 சதவீதத் துல்லியம் பிடித்தாலும் துல்லியமாகப் பிடித்தது தவறான எண்ணைத்தான். சில பொருள்களை இரண்டு தடவை அளந்து, மேலே சொன்ன ஜோடி முறையில் கருவியின் பங்கைத் தனியே கணக்கிட்டுக் கழியுங்கள். அளவீட்டை முழு எண்ணாக்குவதாலும் கொஞ்சம் கூடும், அலகின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

இரண்டு மூன்று மதிப்புகள் மிகவும் விலகி நிற்கின்றன. எடுத்துவிட்டால் குறைந்த மாதிரியே போதும் போலிருக்கிறதே?

போதும் போலத்தான் தெரியும். பரவற்படியைச் சுமப்பதே அந்த விலகல்கள்தான், எடுத்துவிட்டால் வருவது வேறொரு தொகுதியின் பரவற்படி. பதிவுப் பிழை என்று ஆதாரம் இருந்தால் எடுங்கள். அழகு கெடுகிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.

இதெல்லாம் முன்பே தெரியாமல் போயிற்று. என்னிடம் 15 அளவீடுதான் இருக்கிறது, இனி எடுக்கவும் முடியாது. என்ன எழுதுவது?

கிடைத்ததை இடைவெளியோடு எழுதுங்கள். 15 அளவீட்டுக்கான 95 சதவீதப் பெருக்கு எண்கள் 0.536, 2.487. உங்கள் பரவற்படி 16 என்று வந்திருந்தால் இடைவெளி 8.6 முதல் 39.8 வரை. திட்ட விலக்கமாகச் சொன்னால் 4, இடைவெளி 2.9 முதல் 6.3 வரை. இயல்நிலை என்று எடுத்துக்கொண்டதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த 4ஐ "4.00" என்று அச்சிடாதீர்கள்.